வளைவில் முப்பது

அந்த மலைச்சாலை வளைவுக்கு வேகம் குறித்துக் கொடுத்தவள் அவள்தான். சாலைத் துறைப் பொறியாளர். முதலில் நாற்பது என்று பலகை வைத்தாள். ஒரு வேன் பள்ளத்தில் போனது. முப்பதாகக் குறைத்தாள், ஒரு லாரி போனது. பிழைத்தவர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைத்தான் பாடினார்கள். "மெதுவாத்தான் வந்தேன்."

மேலதிகாரி போனில் கடித்துக் குதறினார். "உனக்குக் கணக்கு வருமா வராதாம்மா?"

வளைவின் ஆரம், சாலையின் சாய்வு, ஈரத்தில் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பு என எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துச் சலித்துவிட்டாள். எங்கேயும் பிழையில்லை. எரிச்சல் தலைக்கேற, அன்று மாலை அலுவலகக் காரின் முன்சீட்டில் ஏறிக் கிளம்பிவிட்டாள். ஓட்டுநர் நிதானத்துக்குப் பேர்போனவர்.

"முப்பதுலயே போங்கண்ணே. அதுக்கு மேல வேண்டாம்."

"சரிங்க மேடம்."

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பாறையிலிருந்து எங்கோ நீர் சொட்டியது. முதல்முறை கார் துளியும் சறுக்காமல் திரும்பியது. மறுமுறையும் அப்படியே. அவளுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"இன்னொரு வாட்டி போங்க."

இம்முறை, மூடிய கண்ணாடிக்குள் கருகிய ரப்பர் வாடை. கார் ஊர்வதாகத் தோன்றியது. மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

அவள் வேகமானியின் முள்ளைப் பார்த்தாள்.

ஐம்பதைத் தாண்டியிருந்தது.

"அண்ணே, பிரேக்... பிரேக் போடுங்க."

கார் கிறீச்சிட்டுச் சறுக்கி நின்றது. முன்சக்கரத்தடியில் சரளைக்கல் பெயர்ந்து உருண்டது. கீழே போய் விழுந்த சத்தம் கேட்கவேயில்லை.

"ஏண்ணே அழுத்துனீங்க?"

"நீங்கதானே மேடம், 'இன்னும் கொஞ்சம் போகலாம்'னு சொன்னீங்க."

"நான் வாயே திறக்கல."

அவர் கை பிடரிக்குப் போனது. "அப்ப... என் பிடரிகிட்ட பேசினது?"

இருவரும் திரும்பவில்லை.

ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டதால் அவளே இடம் மாறி உட்கார்ந்து காரைப் பின்னெடுத்தாள். மலை இறங்கும் வழியெல்லாம் தன் கண்ணை நம்பாமல் முள்ளையே நம்பி ஓட்டினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் பிடரியில் குளிர்ந்த மூச்சுப் பட்டது. கூடவே ஒரு குரல். அதில் மிரட்டல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்போல் மரியாதையாகக் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் போகலாம்."

ஆக்சிலரேட்டரை அழுத்தக் கால் குறுகுறுத்தது. அத்தனை மாத எரிச்சலும் அவள் தொண்டைக்கு ஏறியது.

"போக முடியாது," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "இங்க வேகம் சொல்றது நான்."

பிடரியில் பட்ட மூச்சு நின்றது.

அடிவாரத்துப் பெட்ரோல் பங்கின் வெளிச்சத்தில் காரை நிறுத்தி இறங்கியபோதுதான் இருவருக்கும் உயிர் வந்தது. ஓட்டுநர் துணிந்து பின்கதவைத் திறந்தார்.

திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

இருக்கை காலி. ஆனால் சீட் பெல்ட் இழுத்து மாட்டப்பட்டிருந்தது, ஒரு மார்பின் அகலத்துக்கு உப்பியபடி.

கழற்றப் போன அவர் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

சமதரையில், எஞ்சின் அணைந்து நின்ற காரில், அந்தப் பெல்ட் வளைவில் திரும்பும் ஆளைப்போல மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.