துண்டு விரித்த நாற்காலி

மே மாத வெயிலில், மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்ன சத்தியராஜ் மேல் வேர்வை வாசமே இல்லை. ரோஸி முதலில் கவனித்தது அதைத்தான். இரண்டு வருஷம் கழித்து துபாயிலிருந்து வந்திருக்கும் புருஷன். சேவூர் வீட்டுக் கூடத்தில், காலையிலேயே அவள் துண்டு விரித்து வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கசங்காத சட்டையிலிருந்து, வெகுநாள் திறக்காத பீரோவின் குளிர்ந்த வாசம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

அந்தத் துண்டு ஒரு விளையாட்டு. ஆரணி பஸ் ஸ்டாண்டில் போளூர் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பது அவன் வழக்கம். துண்டு கிடக்கும் சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். "அப்பாவுக்கு சீட் புடிச்சாச்சு" என்று மூன்று வயது மேரியிடம் சொல்லிச் சிரித்தபடிதான் விரித்தாள்.

"பெட்டி எங்கங்க?"

"பின்னால வருது."

இருக்கலாம். பம்பாயில் விமானம் மாற அவனுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. பெட்டி வாங்கணும், கஸ்டம்ஸ் முடிக்கணும், வேற கட்டிடத்துக்குப் போவணும், நாலு மணி நேரமாவது வேணும், மறுநாள் விமானத்தில் வரேன் என்று போனில் எவ்வளவோ சொன்னான். மறுநாளோ மாதா கோயில் தேர். "ஆரணில ஒரு பஸ்ஸ உட்டு இன்னொரு பஸ் ஏறலியா? ஜல்தியா ஓடியாங்க" என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான்.

"பம்பாய்ல ரொம்ப ஓடினீங்களா?"

"ஓடல."

"அப்புறம் எப்பிடி ஏறினீங்க?"

"சீட்டு காலியா இருந்துச்சி."

கரண்ட் போயிற்று. மின்விசிறி முனகி நின்றது. தெருவே ஜெபமாலைக்குப் போயிருந்ததால் ஒரு தறிச்சத்தம்கூட இல்லை. இருட்டத் தொடங்கிய கூடத்தில், துண்டின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தான். அவன் தொடாத காப்பியில் ஆடை படிந்திருந்தது. புது முகம் கண்டால் ஒளிந்துகொள்ளும் மேரி, நாளெல்லாம் புழுதியில் ஆடி வேர்த்த தலையோடு அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

எதிர்வீட்டுப் பட்டு வியாபாரியின் மனைவி குணசுந்தரி ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். "ரோஸி, டிரங்க் கால். வர்ற வரைக்கும் பொறுக்க முடியலபோல உன் வூட்டுக்காரருக்கு."

அவன் வந்ததைக் குணசுந்தரி பார்க்கவில்லை.

பெட்டி விஷயமாக இருக்கும். "வா மேரி" என்றாள் ரோஸி. மேரி அசையவில்லை. அவன் கை குழந்தையின் இடுப்பைச் சுற்றியிருந்தது.

"போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்."

போனில் ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து, மூச்சு வாங்கும் குரல். அவள் நன்றாக அறிந்த குரல்.

"ரோஸி, பிளேன உட்டுட்டேன். பெட்டி வர்றதுக்கே நேரமாயிடிச்சி. ஓடியாந்தேன், கதவ மூடிட்டாங்க. பம்பாய்லதான் இருக்கேன். இப்பத்தான் லைன் கெடச்சிது. கோச்சிக்காத."

ரோஸி ஜன்னல் வழியாக எதிரே இருண்டு கிடந்த தன் வீட்டைப் பார்த்தாள்.

"மேரி என்னா பண்ணிகினு இருக்கா?"

ரிசீவர் கையிலிருந்து நழுவியது.

தெரு. வாசல். இருட்டு.

நாற்காலியில் மேரி மட்டும் இருந்தாள். தனியாக. கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு.

ரோஸி பாய்ந்து தூக்கினாள். அணைத்தாள். உச்சியில் முகம் புதைத்தாள்.

வேர்வை இல்லை. புழுதி இல்லை.

பூட்டிய பீரோவின் குளிர்ந்த வாசம்.

மெதுவாக, மிக மெதுவாக, நாற்காலியிலேயே இறக்கி வைத்தாள். கசங்காத கவுன். அதன் அடியில் விரித்த துண்டு.

"மேரி எங்க?" என்று கேட்டாள்.

சின்ன விரல் துண்டின் ஓரத்தை நீவத் தொடங்கியது.

"பின்னால வருது" என்றது மேரியின் குரல்.