தலை திரும்பிய பிள்ளை

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். சின்னமனூரில் தூறல், மேற்கு மலை கண்ணில் படவில்லை. அடுப்படியில் உட்கார்ந்திருந்த மருமகள் தேவயானியின் முன்னால் சண்முகத்தாய் ஆஸ்பத்திரித் தாள் ஒன்றை வைத்தாள்.

"கையெழுத்தப் போடுத்தா. திங்கக்கெழமை காலையில ஒம்போது நாப்பத்திரண்டுக்கு ஆபரேசன். சோசியர் நேரம் குறிச்சுக் குடுத்துட்டாக. ஒம் புருசனும் போட்டாச்சு."

மாரிசெல்வத்தின் கையெழுத்து இருந்தது. வயிற்றைக் கொடுக்க வேண்டியவளின் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"பிள்ளை திரும்பிருச்சு அத்தை. முந்தாநாள் வரைக்கும் அடியில ஒதைச்சது. இப்ப விலாவுல ஒதைக்குது. அது விக்குறதும் அடிவயித்துல தெரியுது..."

"ஆமா, உள்ள எட்டிப் பாத்துட்டா! பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கி வேலைக்குப் போயித்தான பிள்ளை காலக் கீழ போட்டுச்சு? இப்ப இவுக சொன்னதும் திரும்பிருமாக்கும்!"

அந்தப் பழிக்குப் பயந்துதான் தேவயானி பெரியகுளத்து வேலையை விட்டாள், தாய்வீட்டுக்கும் போகவில்லை. ஐந்து வாரமாக எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. இன்று பேனாவை மூடி வைத்தாள்.

"ஸ்கேன் பாக்காம போட மாட்டேன்."

"தேவா! அம்மாவ எதுத்துப் பேசாத..." என்றான் வாசலில் நின்ற மாரிசெல்வம்.

"எதுத்துத்தான் பேசுறேன். வண்டிய எடுங்க."

பத்தரை மணிக்குத் தேனியில் டாக்டர் ஜெஸ்லின் மூவருக்கும் ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினார். முப்பத்தேழாவது வாரம். தலை கீழே, முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருந்தது, முதுகு இடப்பக்கம்.

"கால் கீழ இருந்ததுக்கு பஸ் காரணமில்லம்மா. நிறையப் பிள்ளைங்க கடைசி வாரங்கள்ல தானாத் திரும்பும். இதுவும் திரும்பிருச்சு. இனி ஆபரேசனுக்கு அவசியமில்ல."

"அவசியமில்லையா! மறுபடி திரும்பிட்டா?" சண்முகத்தாய் எழுந்துவிட்டாள்.

"இனிமே அது அபூர்வம். வாராவாரம் பார்த்துக்குவோம்."

"வேணாம்... அறுத்தே எடுத்துருங்க! எந் தலைச்சன் பொட்டப்பிள்ள... காலுதான் மொதல்ல வந்துச்சு. தலை வரல... வண்டி வர்றதுக்குள்ள..."

தனக்கு ஓர் அக்கா இருந்ததை மாரிசெல்வம் தன் முப்பத்தொன்றாவது வயதில் அறிந்தான்.

நல்ல நேரம் எதற்காகத் தேடப்பட்டது என்பது தேவயானிக்கு விளங்கியது. விளங்கியும் அவள் முடிவு மாறவில்லை. மாமியாரின் கையைப் பற்றித் தன் அடிவயிற்றில் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க. உருண்டையா, கெட்டியா இருக்குல்ல? இதுதான் தலை. பயமா இருந்தா என் பக்கத்துல இருங்க அத்தை. ஆனா, அதுக்காக என் வயித்தக் கிழிக்கச் சொல்லாதீக."

விரல்கள் நெடுநேரம் அங்கேயே இருந்தன.

"தலைதான்..." சண்முகத்தாயின் முகம் உடைந்தது. "ஒம்மேல பழியப் போட்டேனே ஆத்தா! இந்தப் பாவத்த எங்க போயித் தொலைப்பேன்..." மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தேவயானி அழவில்லை; அணைத்த கையை எடுக்கவும் இல்லை.

பிறகு பழைய தாளை நான்காகக் கிழித்தாள். டாக்டர் கொடுத்த புதுத் தாளில் எழுதினாள்: 'வலி தானாக வரும்வரை காத்திருப்பேன். பிள்ளைக்கோ எனக்கோ ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டுமே அறுவைக்குச் சம்மதிப்பேன்.' கீழே கையெழுத்திட்டாள். சாட்சிக் கையெழுத்துக்காக மாரிசெல்வம் கையை நீட்டினான்.

"நீ ஒருக்காப் போட்டது போதும்டா!"

பேனாவைப் பிடுங்கிய சண்முகத்தாய், எழுத்துக்கு எழுத்து நிறுத்தித் தன் பெயரை எழுதினாள். தாளை டாக்டரிடம் அவளே கொடுத்தாள்.