தலைவர் பேசிக்கொள்வார்!

ரப்பர் மரத்தடியில் கிடந்தது பிணம்!

கழுத்தில் ஒரே வெட்டு. பால் வெட்டும் கத்தி பக்கத்திலேயே கிடந்தது.

செத்தவர் பழனியாண்டி. கஹவத்தைப் பக்கத் தோட்டமொன்றின் தொழிற்சங்கத் தலைவர். வெட்டியவன் ஓடவில்லை. லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் அலறிக்கொண்டு வந்தபோதும் அங்கேயே குந்தியிருந்தான்.

காத்தமுத்து. பால் வெட்டும் தொழிலாளி.

மறுநாள், பொலிஸ் நிலையத்தில்...

"ஏன்டா வெட்டின?" இன்ஸ்பெக்டர் ஜவ்பர் கேட்டார்.

"எம் புள்ள விஜயகலாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சுங்க ஐயா. தோட்டத்து டிஸ்பென்சரியில வெறும் மாத்திரதான். தலைவருதான் கொழும்புக்குக் கூட்டிப் போனாரு. என்னோடத எடுத்துக்கங்கன்னேன்..."

"டொக்டர் என்ன சொன்னாரு?"

"தெரியாதுங்க. நான் வெளிய நின்னேன்."

"உன் புள்ளட விசயம்... நீ வெளிய நின்னியா?"

"தொரையோ, டொக்டரோ... எங்களுக்குத் தலைவருதானே பேசுவாரு!"

பாவம்! பாட்டன் காலத்துப் பழக்கம்.

"தலைவரு வெளிய வந்து, 'ஒன்னோடது புள்ளைக்குச் சேராது. கொழும்புல ஒரு பணக்கார மாத்தையாவுக்குச் சேரும். நீ அவருக்குக் குடு, அவரு வீட்டாள் ஒன் புள்ளைக்குக் குடுப்பாரு'ன்னாரு. குடுத்தேன்."

சட்டையைத் தூக்கினான். விலாவில் நீளத் தழும்பு!

"மாசக்கணக்காச்சு. மாத்தையாவக் காட்டுங்கன்னு நேத்து காலுல விழுந்தேன். 'அப்புடி யாருமே இல்லடா, போ'ன்னாரு. கையில கத்தி இருந்துச்சுங்க..."

டெலிபோன் அலறியது!

இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதப் பரிசோதனை டொக்டர். ஜவ்பர் கேட்டார்... கேட்டுக்கொண்டே இருந்தார். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"காத்தமுத்து... தலைவர்ட வயித்துல மூணு கிட்னி இருந்திச்சாம்!"

"ஐயா...?"

"ரெண்டு சுருங்கிப் போனது. மூணாவது உன்னோடது, கொழும்பு ஆஸ்பத்திரியில கேட்டே சொல்றாங்க! சீனி வருத்தம், நீரிழிவுன்னு ஊருக்குச் சொல்லிட்டுக் கொழும்புல போய்ப் படுத்தானே... இதுக்குத்தான்! உன்ட கிட்னி உன்ட புள்ளைக்கு நல்லாச் சேரும்னு கொழும்பு டொக்டர் அப்பவே சொல்லியிருக்கார்... அவன்கிட்ட!"

காத்தமுத்து துள்ளி எழுந்தான்.

"எம் புள்ளயும் அந்த இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலதானுங்க, மேல் வார்டுல! எடுத்து வச்சிரச் சொல்லுங்க ஐயா... ரெண்டு மாடிதானுங்களே!"

ஜவ்பரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அவன் செத்தப்பவே அதுவும் செத்திரிச்சு."

விலங்கு மாட்டிய கைகளால் முகத்தில் அறைந்துகொண்டு அழுதான் காத்தமுத்து. நெஞ்சு வெடித்துவிடும் போல அழுதான். அழுது ஓய்ந்ததும் நிமிர்ந்தான்.

"தலைவரப் பொதைக்கிறப்ப என்னையக் கூட்டிப் போறீங்களா ஐயா?"

"எதுக்குடா?"

"ஒரு பிடி மண்ணு போடணும்... உள்ளுக்க என்னோடதும்ல போகுது!"