ஒரு பேச்சுக்குத்தான் கூப்பிட்டேன்

பெக் முதலாளி எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டாச்சா?" என்பதுதான். விமானத்தில் கொடுத்த ரொட்டிக்குப் பிறகு நானும் என் கணவர் தியனும் எதையும் கண்ணில் பார்க்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் என் அக்கா ஹுவே, "ஆச்சுங்க, ஆச்சுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

வேனில் ஏறியதும் என் காதைக் கடித்தாள். "இங்க அது வணக்கம் சொல்ற மாதிரிடி, லுவா. இல்லேன்னு கில்லேன்னு சொல்லிவைக்காத. மனுஷன் திகைச்சுப் போயிடுவார்."

அக்கா கொரியாவில் வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அப்படிக் கட்டிக்கொண்டு வந்த பெண்கள் தங்கள் பிறந்த வீட்டு ஆட்களை ஐந்து மாதப் பண்ணை வேலைக்கு வரவழைக்கலாம். எங்களுக்காக அவள்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். நாங்கள் பாதியில் கம்பி நீட்டினால் இனி எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இந்த நாட்டுக் கதவு திறக்காது. புகுந்த வீட்டில் அக்கா தலை நிமிரவும் முடியாது. ஏழு வயது மகள் லானை வியட்நாமில் மாமியாரிடம் விட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து மாதம் என்றுதான் வந்தோம்.

எங்களுக்குக் கொடுத்த இடம் ஒரு கன்டெய்னர் அறை. கறுப்பு வலை போர்த்திய ஒரு பழைய பசுமைக்குடிலுக்குள் அதை வைத்திருந்தார்கள். கதவைத் திறந்தால் எதிரே அடுத்த குடில். அதில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை, கொரியர்கள் இறைச்சியைச் சுற்றித் தின்னும் வாசனை இலைச் செடிகள். இருட்டினால் செடி பூத்துவிடும், பூத்தால் இலை வராது என்று பொழுது சாய்ந்ததும் வரிசை வரிசையாக விளக்குகளைப் போட்டுவிடுவார்கள். பாவம், அந்தச் செடிகளுக்குத் தூக்கமே கிடையாது.

வாசலில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருந்தது. எங்களுக்கு முன்பு இருந்த யாரோ விட்டுப்போனது. யாரோ உள்ளே நின்று, மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக வைத்ததுபோல் அதன் முனை வெளியே பார்த்திருந்தது. தியனுக்குச் சரியாக இருந்ததால் அவரே மாட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாலை. நான் தரையில் பெரிய சாப்பாட்டுத் தட்டத்தைப் போட்டு அதில் சோறு, முட்டைக்கோஸ் சூப், மீன் சாஸ் எல்லாம் வைத்தேன். லான் போனில் வந்தாள். எங்கள் வீட்டில் சின்னவர்கள் பெரியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ அழைத்துவிட்டுத்தான் சாப்பாட்டுக் குச்சியைத் தொட வேண்டும். கடல் தாண்டி இருந்தாலும் அவள் அதை விடவில்லை. "அப்பா, சாப்பிடுங்க. அம்மா, சாப்பிடுங்க." சொல்லி முடித்ததும் போனை வைத்தேன்.

அப்போதுதான் எதிர்க் குடிலின் கடைசியில் ஒருவர் நிற்பதைப் பார்த்தேன்.

ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். கையில், துணியில் கட்டிய ஒரு பெட்டி. பக்கத்துப் பண்ணையில் நம் ஊர்க்காரர்கள் வேலை செய்வதாக அக்கா சொல்லியிருந்தாள். சாப்பாட்டு வேளையில் வாசல் வழியே போகிறவரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னை யாரும் வளர்க்கவில்லை.

"அண்ணே, வாங்க! சாப்பிடலாம்!"

இதற்கு என்ன பதில் என்பது எல்லோருக்கும் தெரியும். "இப்பதான் சாப்பிட்டேன், நீங்க சாப்பிடுங்க" என்று கையை ஆட்டிவிட்டுப் போக வேண்டும். அழைத்தவருக்கும் மரியாதை, பானைக்கும் சேதமில்லை.

அவர் அதைச் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் திரும்பி, ஒரு அடி எடுத்து வைத்தார்.

விளக்குகள் ஒருமுறை மங்கி எரிந்தன. குடிலில் செடிகள் மட்டும் இருந்தன. அழுகிய பேரிக்காயின் இனிப்பு நாற்றம் ஒன்று தட்டத்தின் மேலே வந்து நின்றது.

"யாரைடி கூப்பிட்ட?" என்றார் தியன்.

"அங்க ஒரு ஆள் நின்னாருங்க."

"வந்து மூணு நாள்தான் ஆச்சு. அதுக்குள்ள விருந்தாளியா? உன் கைச் சாப்பாட்டை நினைச்சு ஓடிட்டார் போல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மாலை தட்டத்தை வைத்தேன். தியன் உட்கார்ந்தார். பிறகு, யாரோ தோளைத் தொட்டதுபோல், ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்துகொண்டார். ஏன் என்று கேட்டேன். "எதுக்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். நகர்ந்ததே அவருக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த வாரம் மூன்று ஜோடிக் குச்சிகளைக் கழுவினேன். நான் எடுத்து வைத்ததோ இரண்டுதான்.

பேரிக்காய் நாற்றம் தினமும் சோறு வெந்ததும் வந்தது. பானையில் சோறு சரியாகக் காலியாயிற்று. ஆனால் தியன் இளைத்துக்கொண்டே போனார். மூன்று கிண்ணம் சாப்பிடுகிற மனிதர் இரண்டில் நின்றார், பிறகு ஒன்றில். நவம்பர் கடைசியில் ஒரு மத்தியானம், காலை ஐந்திலிருந்து குனிந்து இலை பறித்துவிட்டு வந்தவர், நான் நீட்டிய கிண்ணத்தை அப்படியே தள்ளி வைத்தார்.

"சாப்பிட்டாச்சு" என்றார்.

"எங்க சாப்பிட்டீங்க? என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பிட்டாச்சு, லுவா. நீ சாப்பிடு."

குரல் அவருடையதுதான். ஆனால் ஜாக்கெட்டின் ஜிப் கழுத்துவரை ஏறியிருந்தது. ஜிப்பைப் பாதிக்கு மேல் போடுகிற பழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் இல்லை.

மருத்துவர் வயிற்றைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், ஒன்றுமில்லை என்றார். ஜனவரியில் தியனின் இடுப்புப் பட்டைக்கு நான் ஆணியால் நான்காவது துளை போட்டேன். என் புருஷனை யாரோ என் கண் முன்னாலேயே வாய் வாயாகத் தின்றுகொண்டிருந்தார்கள். கூப்பிட்டு உட்கார வைத்தவள் நான். ஓடிப்போகலாம் என்றால் அக்காவின் முகம் குறுக்கே வந்தது.

கடைசியில் அக்காவிடமே எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்தது. என்னை இழுத்துக்கொண்டு நேரே முதலாளியிடம் போனாள். ஜாக்கெட், வாரிய தலை, துணியில் கட்டிய பெட்டி என்று நான் சொல்லச் சொல்ல, அவள் கொரிய மொழியில் சொன்னாள். பெக் முதலாளி உருண்டு கிடந்த ஒரு பழைய வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க ஊர்க்காரன்தான். பேரு தொவான்" என்றார். அவர் சொல்லச் சொல்ல அக்கா எனக்கு நம் மொழியில் திருப்பிச் சொன்னாள். "போன சந்திரப் புத்தாண்டுக்கு, வீட்டுக்கு வா, சேர்ந்து சாப்பிடலாம்னு சொன்னேன். எல்லாரும் எல்லார்கிட்டயும் சொல்றதுதானே? ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதோட மறந்துட்டேன். குடும்பத்தோட மாமனார் ஊருக்குப் போயிட்டேன்."

முதலாளி மூன்றாம் நாள் திரும்பி வந்து, இப்போது நாங்கள் இருக்கும் அறையின் கதவைத் திறந்திருக்கிறார். தொவான் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தலை வாரி, ஜாக்கெட்டும் பூட்ஸும் போட்டு, மடியில் முதலாளிக்கு வாங்கிய பேரிக்காய்ப் பெட்டியோடு. குளிருக்குக் கதவை அடைத்துக் கரியடுப்பு வைத்திருந்தார். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டே அந்தக் கரிப்புகையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"சாம்பலை அவன் ஊருக்கு அனுப்பினோம். வாங்கிக்க அவனுக்குன்னு யாருமே வரலையாம்" என்று முதலாளி அழுதார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அடுத்த நொடியே, நான் மட்டும் என்ன செய்தேன் என்று வெட்கமும் வந்தது.

பிப்ரவரியில் வந்த சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின நாள் தொவானுக்குத் திதி. மத்தியானம் வெளிச்சம் இருக்கும்போதே செய்துவிடலாம் என்றாள் அக்கா. கோழி வேகவைத்தேன். இலையில் பொதிந்த பண்டிகைச் சோற்றை அக்கா கொண்டுவந்தாள். தியன் போட்டுக்கொண்டிருந்த அந்தப் பூட்ஸைக் கழுவி, முனை உள்ளே பார்க்கும்படி வாசலில் வைத்தேன். தியன் சுவரில் சாய்ந்து, ஜிப்பைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, எங்களை வேடிக்கை பார்த்தார்.

ஊதுபத்தியைப் பற்றவைத்தேன்.

"தொவான் அண்ணே, வாங்க. சாப்பிடுங்க."

புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது. சட்டென்று உள்ளே வளைந்தது.

பேரிக்காய் நாற்றம் மூக்கை அடைத்தது.

தரையில் விரித்த பாய் ஓர் இடத்தில் மட்டும் மெல்ல அமுங்கியது.

"சாப்பிட்டுட்டு உங்க வழியில நிம்மதியாப் போங்க" என்று சொல்ல வேண்டும். அக்கா ஒரு வாரமாக என்னைப் படிக்க வைத்த வாக்கியம் அது. ஆனால் கிண்ணத்தின் பக்கம் குச்சிகள் நகரவே இல்லை. பாய் மட்டும் அமுங்கிக் கிடந்தது. வந்த இடத்தில் கையை நீட்டக் கூச்சப்பட்டுக்கொண்டு அந்த மனிதர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. என் நெஞ்சு பொறுக்கவில்லை. விருந்தாளி கூச்சப்பட்டால் எந்த வீட்டுப் பெண்ணும் சொல்வதை என் வாய் சொல்லிவிட்டது.

"கூச்சப்படாதீங்க அண்ணே. இதை உங்க வீடா நினைச்சுக்கோங்க. நாங்க உங்க மனுஷங்கதானே?"

அக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள். வழியனுப்பும் அந்த வாக்கியத்தை நான் சொல்லவே இல்லை.

ஊதுபத்தி எரிந்து முடிந்தபோது சோறு அப்படியேதான் இருந்தது. ஆனால் தொட்டால் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. நான் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்த குச்சிகள், சாப்பிட்டு முடித்தவர் வைப்பதுபோல் அதன்மேல் குறுக்காகக் கிடந்தன. நாற்றம் போய்விட்டது. தியன் ஜாக்கெட்டின் ஜிப்பைச் சரக்கென்று இறக்கினார்.

"என்னடி, அக்காளும் தங்கச்சியும் செத்துப்போனவருக்குப் படைக்கிறீங்க. உயிரோட இருக்கிறவனுக்குச் சோறு கிடையாதா?"

அன்று நான்கு கிண்ணம் சாப்பிட்டார். நான் சூப் ஊற்றும் சாக்கில் திரும்பி நின்று அழுதேன்.

பிப்ரவரி கடைசியில் ஊர் திரும்பினோம். லான் ஒரு அங்குலம் வளர்ந்திருந்தாள். மாமியார் கெண்டை மீன் குழம்பு வைத்திருந்தார். வாசலில் தூறல். தட்டத்தைச் சுற்றி மாமனார், மாமியார், தியன், நான், லான் என ஐந்து பேர். தொவான் என்ற பெயரை இந்த வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று விமானத்திலேயே நானும் தியனும் பேசி வைத்திருந்தோம்.

லான் நேராக உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"தாத்தா, சாப்பிடுங்க. பாட்டி, சாப்பிடுங்க. அப்பா, சாப்பிடுங்க. அம்மா, சாப்பிடுங்க."

நான் குச்சியை எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. அப்பாவின் வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொவான் மாமா, சாப்பிடுங்க."

"யாருடி அது மாமா?" என்று மாமியார் சிரித்தார்.

மீன் குழம்பின் மணத்துக்கு மேலே அந்த இனிப்பு நாற்றம் எழுந்தது. நான் தியனைப் பார்த்தேன். அவர் ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். கை தானாக ஏறி, ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டது. பிறகு தன் கிண்ணத்தைப் பக்கத்திலிருந்த வெற்றிடத்துக்கு முன்னால் மெல்லத் தள்ளி வைத்தார்.

"நீங்கள்லாம் சாப்பிடுங்க" என்றார். "நான் சாப்பிட்டாச்சு."