மூன்று நாள் காய்ந்த சட்டை

காலை ஏழரை மணிப் பேருந்துக்கு நிற்கிறவர்கள், சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். அங்கே மின்சேமக் களம். கம்பிவேலிக்குள் கண்டெய்னர் கண்டெய்னராக நாற்பத்திரண்டு மின்பேழைகள். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி ஊருக்குக் கொடுப்பவை அவைதான். ஆனால் ஜனங்கள் பேழைகளைப் பார்ப்பதில்லை. வேலிக்குள் இருக்கும் காவலர் குடியிருப்பின் மொட்டை மாடியில் துணி காய்கிறதா என்று பார்ப்பார்கள். காய்ந்தால் சரி, ஓடைக்கரைப்பட்டி அன்றைய பாட்டைப் பார்க்கப் போகலாம்.

துணிக்கு இந்த மரியாதை வந்தது உடனுறைச் சட்டத்தால். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அடுத்தடுத்து மூன்று களங்கள் பற்றி எரிந்தன. எல்லாம் பத்திரம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஏசி அறையில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது: களத்தைக் காக்கிறவர் குடும்பத்தோடு வேலிக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். வெளியூர் போனால் வாசல் பலகையில் எழுதிப் போட வேண்டும். சொல்லாமல் குடும்பத்தை அனுப்பினால் சிறை. பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவரும் பொய்க் கையெழுத்துப் போட மாட்டார் என்பது சட்டம் எழுதியவர்களின் நம்பிக்கை.

பிரகாசிக்கு அந்த வேலியில் இது ஆறாவது வருடம். கணவன் இல்லை. ஒன்பது வயது மகள் டெல்சிதான் குடும்பம். கீழ்வீட்டில் இன்னொரு காவலர் கோமதிநாயகம், மனைவியோடும் இரண்டு பையன்களோடும். சாயங்காலம் குடியிருப்பில் இருப்பவர்களின் ஆள்கணக்கு எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்புவது இருவருக்கும் வாரம் மாற்றி வாரம். இந்த வாரம் அவருடைய முறை.

புதன்கிழமை காலை டெல்சியின் பாவாடையை உதறிக் கொடியில் போட்டபோதுதான் பக்கத்துக் கொடியில் கீழ்வீட்டுப் பையனின் மஞ்சள் பள்ளிச் சட்டை கண்ணில் பட்டது. நேற்றும் அது அங்கேதான் இருந்தது. திங்கட்கிழமையும். தோளில் காக்கை எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. கீழ்வீட்டு மதினி வெயில் ஏறுமுன் துணியை எடுத்து மடித்துவிடுகிறவள். எச்சத்தோடு ஒரு சட்டை தொங்க அவள் வீட்டில் இருக்கும்வரை வழியே இல்லை. பிரகாசி மாடியிலிருந்து வாசல் பலகையை எட்டிப் பார்த்தாள். ஒரு எழுத்தும் இல்லை.

கோமதிநாயகம் வாசலில் நின்றபடியே காபி குடித்துக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருந்தது.

“அண்ணாச்சி, மதினிய எங்க காணும்?”

“தலைவலின்னு படுத்திருக்கா. பையனுவ ஸ்கூலுக்குப் போயாச்சு.” கேட்காததற்கும் சேர்த்துப் பதில் வந்தது.

“சட்டை மாடியில கிடக்கு, பையன் எதைப் போட்டுட்டுப் போனான்?”

அவர் டம்ளரைப் பார்த்தார். “வேற சட்டை இருக்கும்லா.”

“கதவத் திறங்க அண்ணாச்சி. மதினிக்கு மாத்திரை குடுத்துட்டுப் போறேன்.”

அவர் திறக்கவில்லை. அடங்கின குரலில், “சாத்தூர்ல மாமியார் வீட்டுல விட்டிருக்கேன்,” என்றார். “பதினேழாம் பேழைல ஒரு மூக்கு அஞ்சு நாளா என் ராத்திரிக் காவல்ல விட்டு விட்டுக் கத்துது. தலைமையகத்துக்கு ரெண்டு தடவ எழுதிப் போட்டுட்டேன். ஒத்த மூக்கு கத்துனா கணக்குல எடுக்க மாட்டோம்னுட்டாவ.”

பேழைக்குள் இருக்கும் பேட்டரி செல் கெட்டால் தீப்பிடிக்குமுன் ஒரு ஆவியை விடும். அதை மோப்பம் பிடிக்கும் கருவிக்கு ஏட்டில் முகர்வி என்று பெயர், காவலர் வாயில் மூக்கு. பேழைக்கு இரண்டு. முன்பெல்லாம் ஒன்று கத்தினாலே ஊரைக் காலி செய்யச் சொல்லும் சங்கு ஊதும். பொய்ச்சங்கு ஊதி ஊர் கூடிச் சண்டை வந்த பிறகு, இரண்டும் சேர்ந்து கத்தினால்தான் ஊத வேண்டும் என்று தலைமையகம் மாற்றிவிட்டது.

“ஒங்க பிள்ளைய மட்டும் அனுப்பிட்டு, என் பிள்ளைய இங்க தூங்க வச்சீங்களாக்கும்?”

“சொல்லணும்னுதான் இருந்தேன், பிரகாசி. ரெண்டு கொடியும் காலியானா ஊரே வந்து நிக்கும். தப்பா போச்சுன்னா ரெண்டு பேருக்கும் ஜெயில்.”

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று மனசுக்குள் கொதித்தாள். அதைச் சொல்லித் தீர்க்கவும் நேரமில்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டை எடுத்துப் பஞ்சில் நனைத்துக்கொண்டு பதினேழுக்கு ஓடினாள். ஸ்பிரிட் வாடைக்கு நல்ல மூக்கு உடனே துள்ளும். பேழையின் வெளிச்சுவரில் இருந்த சோதனைக் குழாய்களில் பஞ்சை வைத்தாள். முதல் மூக்கின் எண் ஏற்கெனவே உயர்ந்திருந்தது, இன்னும் ஏறியது. இரண்டாவது பூஜ்யத்திலேயே நின்றது. மறுபடி வைத்தாள். பூஜ்யம். அது செத்த மூக்கு. இரண்டும் சேர்ந்து கத்தும் நாள் வரப்போவதே இல்லை.

பேழையின் இணைப்பைத் துண்டித்தாள். ஆனால் உள்ளே சூடேறிய செல்லை எந்தச் சுவிட்சும் குளிர வைக்காது. தலைமையகத்தைக் கூப்பிட்டாள்.

“மேடம், எனக்கு ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையா இருக்கு,” என்றது ஒரு இளங்குரல்.

“பச்சையாத்தான் இருக்கும், ஒரு மூக்கு செத்துக் கிடக்கே. சங்க ஊதுங்க.”

“எங்களுக்கு அந்த அனுமதி இல்ல மேடம். வெள்ளிக்கிழமை டெக்னீஷியன் வருவார்.”

ஊருக்குள் போய்க் கத்தலாம். ஆனால் போன வருடம் பொய்ச்சங்குக்கு ஓடிக் களைத்த ஜனங்கள் முதலில் களத்து வாசலில் இருக்கும் திரையைப் பார்ப்பார்கள். திரை பச்சை. அவள் சொல்லை நம்ப மாட்டார்கள். பயந்து பிள்ளையோடு கிளம்பினால் நம்புவார்கள். தவறாகிவிட்டால் அவள் சிறையில், டெல்சி ஏதாவது விடுதியில். இருந்தாலும் மாடிப்படி ஏறினாள்.

பாவாடையை எடுத்தாள். தன் சேலையை எடுத்தாள். மஞ்சள் சட்டையையும் உருவி, கீழே நின்றவரின் முகத்துக்கு நேராக எறிந்தாள். ஈரத்துணி மூட்டையும் பள்ளிக்குக் கிளம்பி நின்ற மகளுமாக அவள் கேட்டைத் தாண்டியபோது டீக்கடையில் பேச்சு நின்றது. வடைச்சட்டியின் அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்காரர்தான் முதலில் கிளம்பினார். அரை மணி நேரத்தில் பள்ளிக்கூடம் காலி, பதினொரு மணிக்குள் ஊரே காலி.

மாலை நான்கு பத்துக்குப் பதினேழாம் பேழை வெடித்தது. அடுத்து பதினெட்டு, பதினாறு. சாலையோரம் இருபது வீடுகள் கருகின. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

கோமதிநாயகம் சிறைக்குப் போனார். பிரகாசி மீதும் வழக்குப் பதிந்தார்கள், ஊர் திரண்டு கையெழுத்துப் போட்டு மீட்டது. அவள் மகளோடு தூத்துக்குடியில் ஒரு வாடகை அறைக்குக் குடிபோனாள். மூன்றாம் வாரம் கடிதங்கள் வர ஆரம்பித்தன. நான்கு ஊர்கள் அவளைத் தங்கள் களத்துக்குக் காவலராகக் கேட்டிருந்தன. நல்ல வீடு, இரட்டைச் சம்பளம். நான்கிலும் கடைசி வரி ஒன்றே: மகளும் கண்டிப்பாக உடன் இருக்க வேண்டும்.

டெல்சி ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். “ஒன்னக் கேக்கலம்மா, என்னத்தான் கேக்காவ.” கடிதங்களை மடித்தாள். “நம்ம போகாட்டா, வேற யாராவது பிள்ளையக் கேப்பாங்களா?”

பிரகாசி வாளியிலிருந்த பாவாடையைப் பிழிந்தாள். தெருவில் யார் கண்ணிலும் படாதபடி ஜன்னலைச் சாத்திவிட்டு, மின்விசிறிக்குக் கீழே நாற்காலியின் முதுகில் அதை விரித்துப் போட்டாள்.