சிம்மக்கல்லில் நின்ற நரம்பு

"தம்பி, வண்டி எங்க நிக்குது?"

மருத்துவமனையின் காலைச் சுற்றில் செல்வராணி சேந்தனிடம் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மதுரையில் பேருந்து ஓட்டியவள். விபத்தில் வலக்கை உணர்விழந்து ஏழு மாதம் ஆகிறது. தோளுக்கு மாட்டுத்தாவணி, முழங்கைக்குக் கோரிப்பாளையம், மணிக்கட்டுக்குச் சிம்மக்கல், கட்டைவிரலுக்குப் பெரியார் நிலையம் என்று அவளே பெயர் வைத்திருந்தாள். வண்டி என்றால் தோளிலிருந்து விரலை நோக்கி வளரும் புது நரம்பின் நுனி; நாளுக்கு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்து வந்தது.

"சிம்மக்கல்தான்க்கா."

"இன்னிக்குமா? பதினோரு நாளாச்சு. டிரைவர் டீ குடிக்கப் போயிட்டானா?"

சேந்தன் சிரிக்கவில்லை. தடம் இடுவது அவன் வேலை. நரம்புக்குத் தானாக வழி தெரியாது. செல்களுக்கு வெளியே விரிந்திருக்கும் புரத வலையைத் தடவித் தடவித்தான் அதன் நுனி நகரும். போக வேண்டிய பாதையில் லேமினின் என்ற பற்றுப்புரதம் பூச வேண்டும், ஓரங்களில் விலக்குப்புரதம். நுனி பன்னிரண்டு நாள் அசையாவிட்டால் கையை எடுத்துவிட்டு இயந்திரக் கை பொருத்துவார்கள். படுக்கைக்குக் காத்திருப்பவர்கள் அதிகம். மறுக்கச் சட்டத்தில் இடமில்லை.

"நாளைக்கு வெட்டிருவாங்கல்ல?"

"ஆமாக்கா."

"இரும்புக் கை எனக்கு வேணாம். ஸ்டியரிங்கோட நடுக்கம் அதுல ஏறாது."

மணிக்கட்டில் நரம்பு பிரியும் இடத்தில் இன்னொரு பூச்சு இட ஊசியை எடுத்தான். எடுத்தவன் திரையைப் பார்த்து நின்றான். நுனி வழி தவறியிருக்கவில்லை. சுவர்ப் பல்லியைப் போல எல்லாப் பக்கமும் விரலை விரித்து ஒட்டிக்கிடந்தது. பிடியை விட்டால்தானே அடுத்த அடி?

நான்கு ஆண்டுகளுக்கு முன், அவன் மனைவி எழிலரசியின் மூச்சு நரம்புக்கு வேறொருவர் தடம் இட்டார். பூச்சு போதவில்லை. நுனி வழி தவறியது. அவள் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து சேந்தன் எல்லோருக்கும் ஒன்றுக்குப் பதில் இரட்டைப் பூச்சு இட்டான். நேர்ப்பாதைகள் அதைத் தாங்கின. மணிக்கட்டில் நரம்பு பிரியும் இந்த இடம் தாங்கவில்லை.

"தப்பு என்னோடதுதான்க்கா. அதிகமாப் பூசிட்டேன். பாதியக் கரைக்கணும்."

"கரைச்சா வண்டி வேற ரூட்ல போயிடாதா?"

"போகலாம்."

அவள் அவனையே பார்த்தாள். "பிரேக்குல கால வச்சுக்கிட்டே எவனாவது வண்டி ஓட்டுவானா? கரைப்பா."

பூச்சைக் கரைக்கும் நொதியைச் செலுத்தினான்.

மறுநாள் காலை அவள் கேட்கவில்லை. அவனே சொன்னான். "சிம்மக்கல் தாண்டிருச்சு. நாலு மில்லிமீட்டர்."

"பெரியார் பக்கமாத்தானே?"

"பெரியார் பக்கந்தான்."

செல்வராணி கண்ணை மூடிக்கொண்டாள். "ரைட்டு, போலாம்."

பிற்பகலில் புது நோயாளி ஒருத்தி வந்தாள். கழுத்தில் அடி, மூச்சு நரம்பு அறுந்திருந்தது. பூச்சு அளவுப் பலகையில் பழக்கத்தில் இரண்டு என்று பதிந்தான். கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தான்.

அழித்துவிட்டு ஒன்று என்று பதிந்தான்.