மயிலைக்குப் பிடித்த தண்ணீர்

புயல் கரையைக் கடந்து ஒன்றரை நாள் ஆகியும், வாகைக்குடி மேட்டுத்தொழுவத்தில் அடைக்கலம் புகுந்திருந்த முந்நூற்றுச் சொச்சம் மாடுகளும் தண்ணீர் குடிக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் இல்லை. தொழுவத்தின் நடுவில் யானைக்குட்டி உயரத்தில் நின்ற ஊற்றன் என்ற இயந்திரம், மணிக்கு இரண்டாயிரம் லிட்டர் வீதம் தொட்டிகளை நிரப்பிக்கொண்டே இருந்தது. மாடுகள் வந்தன, மூக்கை நீட்டின, புஸ்ஸென்று மூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போயின.

"நீர் பாதுகாப்பானது. தூய்மை நூற்றுக்கு நூறு," என்று ஒவ்வொரு முறையும் ஊற்றன் அறிவித்தது.

"அதை மாட்டுக்கிட்ட சொல்லு," என்றாள் டாக்டர் நப்பின்னை.

அவள் அந்த வட்டாரத்துக் கால்நடை மருத்துவர். கடல் ஆண்டுதோறும் ஐப்பசியில் ஊருக்குள் வர ஆரம்பித்த பிறகு, அரசாங்கம் தூண்களின்மேல் இப்படிப்பட்ட தொழுவங்களைக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் ஊற்றனை வைத்திருந்தது. கடல் நீரோ சாக்கடையோ சேறோ, எதை உறிஞ்சினாலும் அணு அணுவாகப் பிரித்து வெறும் நீரை மட்டும் வெளியே விடும் இயந்திரம் அது. குளத்து நீரெல்லாம் உப்பாகிப் போனாலும் ஒரு மாடுகூடத் தாகத்தால் சாகாது என்று திறப்பு விழாவில் பேசியிருந்தார்கள். மாடு குடிக்க மறுக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நப்பின்னை ஒரு பசுவின் கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்து விட்டாள். தோல் உடனே படியாமல் கூடாரம் போல் நின்றது. கண்கள் உள்வாங்கியிருந்தன. இரண்டு கன்றுகள் எழுந்திருக்கவே இல்லை. நாளைக்குள் குடிக்காவிட்டால் சாக ஆரம்பித்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

தெற்குத் தெருத் தவமணிதான் வழி சொன்னாள். மயிலை என்ற ஒரே ஓர் உம்பளச்சேரி இனப் பசுவை வைத்திருந்தவள் அவள். இடுப்பளவு தண்ணீரில் அதைத் தானே ஓட்டிவந்திருந்தாள். ஊற்றனின் நீரைக் கையில் ஏந்தி வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினாள்.

"இதுல ஒண்ணுமே இல்லீங்க டாக்டரம்மா. ஒண்ணுமே இல்லாததை எப்படிங்க குடிக்கும்?"

நப்பின்னை அதை யோசித்தாள். மூன்று ஆண்டுகளாக ஊரின் எல்லாக் குளங்களிலிருந்தும் கிணறுகளிலிருந்தும் மாதந்தோறும் மாதிரி எடுத்து ஊற்றனின் நினைவில் ஏற்றியிருந்தார்கள். எந்தக் குளத்தில் எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு களிமண், எவ்வளவு பாசி என்று அதற்கு அத்துப்படி. கிருமியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் திரும்பச் சேர்த்தால் என்ன? அந்தக் கலவைக்குச் சுவைப்படி என்று அவளே ஒரு பெயர் வைத்தாள். ஊரின் மூன்று குளங்களில் முதலில் அல்லிக்குளத்து நீரைச் செய்யச் சொன்னாள்.

ஊற்றனுக்கு அது பிடிக்கவில்லை. நீக்குவதுதான் தன் பணி, சேர்ப்பதல்ல என்றது. அவள் தன் மருத்துவர் எண்ணைச் சொல்லிக் கட்டளையிட்ட பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது.

"சேற்று மணம் சேர்க்கக் கோருகிறீர்கள். உறுதியா?"

"உறுதி."

"பாசி வாடை. உறுதியா?"

"உறுதி."

இப்படிப் பதினோரு முறை. பன்னிரண்டாவதாக, "எருமை மூத்திரத்தின் சாயல். உறுதியா?" என்றது. நப்பின்னை ஒரு கணம் தயங்கினாள். கிடந்த கன்றுகளைப் பார்த்தாள். உறுதி என்றாள்.

தொட்டியில் லேசான பழுப்பு நிறத்தில் நீர் விழுந்தது. முதலில் ஒரு கிழட்டுக் காளை அதன் பக்கம் மூக்கைத் திருப்பிற்று. பிறகு அல்லிக்குளத்து மாடுகள் அத்தனையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடிவந்தன. தொழுவம் முழுக்க அவை உறிஞ்சும் ஓசை கேட்டது. நப்பின்னை தூணில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கன்றுகளுக்குப் புட்டியில் புகட்டினார்கள். மாலைக்குள் இரண்டும் எழுந்து நின்றன.

ஆனால் செங்குளத்து மாடுகள் அல்லிக்குளத்து நீரைத் தொடவில்லை. அவற்றுக்குத் தனிச் சுவைப்படி வேண்டியிருந்தது. ஐயனார்குளத்து மாடுகளுக்கு வேறொன்று. ஒருமுறை குழாய் மாறிவிட்டபோது மொத்த மந்தையும் தலையைத் தூக்கி அவளை முறைத்தது. ஆய்வுக்கூடத்தில் நாலு கருவி சேர்ந்து கண்டுபிடிப்பதை ஒரு மாடு ஒரே மூச்சில் கண்டுபிடித்துவிடுகிறதே என்று அவள் வியந்தாள்.

மயிலை மட்டும் மூன்றையுமே குடிக்கவில்லை. அது குளத்துப் பக்கமே போனதில்லை, வீட்டில் கட்டிப்போட்டுக் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வைத்தே வளர்த்தேன் என்றாள் தவமணி. தெற்குத் தெருக் கிணற்றின் சுவைப்படியைப் போட்டதும் மயிலை ஒரே மூச்சில் இரண்டு வாளி குடித்தது. மிச்சத்தைத் தவமணி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றாள். அவளுடைய கிணறு அப்போது கடலுக்கடியில் இருந்தது.

அரை மணி நேரத்தில் தெற்குத் தெரு முழுவதும் சொம்போடு வந்து நின்றது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த அவர்களுக்கும் ஊற்றன் நீர்தான். வாயில் காற்றை ஊற்றின மாதிரி இருக்கிறது என்று பாதிப் பேர் குடிக்காமலே இருந்தார்கள். மாட்டுத் தொட்டியில் மனிதர்கள் முண்டியடித்ததில் மயிலைக்கு இடமில்லாமல் போயிற்று. நப்பின்னை அவர்களுக்கென்று தனிக் குழாய் ஒன்று திறந்துவிட்டாள்.

மறுநாள் வடக்குத் தெரு வைத்திலிங்கம் ஏழெட்டுப் பேரோடு வந்தார். தங்கள் தெருவில் ஒருவர் தண்ணீர் குடிக்காமல் மயங்கி விழுந்துவிட்டதாகவும், தங்கள் கிணற்றுத் தண்ணீரும் வேண்டும் என்றும் சொன்னார். நியாயம்தான். நப்பின்னை ஊற்றனிடம் கேட்டாள்.

"வடக்குத் தெருக் கிணறு, தெற்குத் தெருக் கிணறு: அடியில் ஒரே ஊற்று. மாதிரிகளில் வேறுபாடு இல்லை," என்றது ஊற்றன்.

வைத்திலிங்கம் சிரித்தார். இயந்திரம் பழுது என்றார். தங்கள் கிணற்று நீர் தேனாக இனிக்கும், அந்தத் தெருவில் உள்ளது சப்பென்று இருக்கும், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்றார். அந்தத் தண்ணீரை எப்போது குடித்துப் பார்த்தார் என்று அவள் கேட்டதற்கு, குடித்துத்தான் தெரிய வேண்டுமா என்று கேட்டார். தெற்குத் தெருக் குழாயில் ஒரு வாய் குடிக்கச் சொன்னபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மயங்கியவருக்கு ஊசி போட்டிருந்தார்கள். குழந்தைகளும் குடிக்காமல் இருந்தன. நப்பின்னை வாதாடவில்லை. அதே குழாயில் ஒரு கிளை பிரித்து, பத்தடி தள்ளி நிறுத்தி, 'வடக்குத் தெருக் கிணறு' என்று பலகை எழுதி மாட்டினாள். ஊற்றனின் குரலை அணைத்து வைத்தாள்.

வைத்திலிங்கம் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். "பாத்தீங்களா? இதுதான் தண்ணி."

ஆறாம் நாள் காலையில், எல்லாரும் சொம்போடு நின்றிருந்த நேரத்தில், மயிலை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. நேராக வடக்குத் தெருக் குழாய்த் தொட்டிக்குப் போய், மூக்கை முக்கி, கண்ணைப் பாதி மூடிக் குடிக்க ஆரம்பித்தது. வடக்குத் தெருக்காரர்கள் பதறி விலகினார்கள். தெற்குத் தெருக்காரர்களும் முகம் சுளித்தார்கள். நம் மாடு அங்கே போய்க் குடிப்பதா என்று ஒருவர் தவமணியைக் கடிந்தார்.

நப்பின்னைக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று பட்டது. ஊற்றனின் குரலைத் திறந்துவிட்டாள். ஒரே ஊற்று, வேறுபாடு இல்லை என்று அது எல்லார் முன்னாலும் சொல்லிற்று.

"மெஷினை நம்ப வேணாம். இந்த மாட்டை நம்புங்க," என்றாள் நப்பின்னை. "மூணு குளத்துத் தண்ணியையும் வேணாம்னு ஒதுக்கின மாடு. தாகத்துல செத்தாலும் வேற தண்ணி குடிக்காது. அது இதைக் குடிக்குது. அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?"

வைத்திலிங்கம் மாட்டைப் பார்த்தார், இரண்டு குழாயையும் பார்த்தார், ஊற்றனையும் பார்த்தார்.

"அது மாடு," என்றார் கடைசியில். "அதுக்கு என்னங்க தெரியும்?"

எதிர்ப்பக்கத்தில் தெற்குத் தெருப் பெரியவர்கள் மெல்லத் தலையாட்டினார்கள். இரண்டு தெருவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய்ப் பல ஆண்டுகள் இருக்கும்.

தவமணி மயிலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தெற்குத் தெருக் குழாயைத் திறந்து, சொம்பு சொம்பாகப் பிடித்து, அதன் வாயைக் கழுவிவிட்டாள். மயிலை அந்தத் தண்ணீரையும் குடித்தது.